இரவல் வாய்

படச் சட்டத்துக்கு அளவெடுக்க அக்கா வீட்டுக்குப் போனபோது மதியம் இரண்டு மணி. மூடுபனியில் படகுத்துறையே தெரியவில்லை. கதவைத் திறந்ததும் வழக்கம்போல வர்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாடையும் காட் மீன் வேகும் வாடையும் வந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை, ஈரக் கடல்பாசி. யாருடைய கம்பளிச் சட்டையோ அடுப்பருகே காய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நியூஃபவுண்ட்லாந்து தீவின் தென்கரையில் முப்பது வீடுகள் உள்ள ஊர் எங்களுடையது. இங்கே யாரிடமும் புகைப்படம் கிடையாது. கடல் ஓர் ஆளைக் கொண்டுபோய் உடலைத் திருப்பித் தராவிட்டால், என் அக்கா மெல்வினா அவன் முகத்தை வரைவாள். செத்தவனின் மூக்கு யாருக்கு இருக்கிறதோ அவர் வந்து அவள் முன்னால் உட்காருவார். நெற்றிக்கு இன்னொருவர், காதுக்கு இன்னொருவர். இப்படி ஊர் இரவல் கொடுத்த பதினேழு முகங்கள் அப்போது தேவாலயக் கூடத்தில் தொங்கின. அத்தனைக்கும் சட்டம் அடித்தவன் நான், கிதியோன்.

அவளுடைய மகன் ஆம்ப்ரோஸ் மட்டும் அன்றுவரை அங்கே இல்லை. பதினோரு வருடமாக அவனை வரைய மாட்டேன் என்றே இருந்தாள். வரைந்துவிட்டால், இனி வரமாட்டான் என்று பெற்றவளே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம்.

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. படகில் அவனோடு போய்த் தனியாகத் திரும்பியவன் நான்.

அன்று பலகையில் இருந்தது லியாண்டர், பிப்ரவரியில் கடலோடு போனவன். அவன் மனைவி டல்சி படத்தின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அக்கா, இது என் வீட்டுக்காரர் வாய் இல்ல."

அக்கா சோர்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று முறை சுரண்டிவிட்டுப் புதிதாக வரைந்தாளாம். காலையில் வந்து பார்த்தால் பழையபடி இதே வாய். லேசாகத் திறந்து, முன்பல் ஒன்று உடைந்து.

அது யார் வாய் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். வேறொருவன் வாயோடு என் புருஷனைக் கூடத்தில் மாட்டுவீர்களா என்று டல்சி அழுதாள். அவளுக்கு மிஞ்சியது இந்த ஒரு முகம்தான்.

"என் புள்ள வந்து கேக்குறான்டா," என்றாள் அக்கா என்னிடம். "எல்லாரையும் வரையுறியே, என்னை மட்டும் ஏன் விட்டேன்னு கேக்குறான்."

மறுநாளே ஆம்ப்ரோஸை வரைய ஆரம்பித்தாள். ஊர் வந்து உட்கார்ந்தது. கண்ணுக்கு அவளே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டாள். வாய்க்கு எல்லோரும் என்னைத்தான் காட்டினார்கள். மாமன் வாயை அப்படியே உரித்து வைத்திருந்தானாம். இடுப்புவலி, வலை கிழிசல் என்று நாலு நாள் சாக்குச் சொன்னேன். ஐந்தாம் நாள் டல்சி வந்து கையோடு அழைத்துப் போய்விட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே பனி. எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மழை இல்லை.

"வாயை மூடுடா," என்றாள் அக்கா.

"மூடித்தான்க்கா இருக்கேன்."

தூரிகை நின்றது. அக்கா படத்தை என் பக்கம் திருப்பினாள்.

வாய் அகலத் திறந்திருந்தது.

பாசி வாடை என் கழுத்தருகே வந்தது.

சொட்டுச் சத்தம் என் நாற்காலிக்குப் பின்னால் கேட்டது.

இருட்டில் அவனை அலை அடித்துக்கொண்டு போனது, நான் பார்க்கவே இல்லை என்றுதான் பதினோரு வருடமும் சொல்லியிருந்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"அலை இல்லக்கா. அவன் படகு விளிம்பைப் பிடிச்சிட்டிருந்தான். படகு சாயுதுன்னு நான்தான் அவன் விரலைப் பிரிச்சு விட்டேன்."

சொட்டுவது நின்றது.

"என்ன சொன்னான்?" அவள் குரல் எதிரே இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"மாமான்னான். அவ்வளவுதான்."

அவள் படத்தைப் பார்த்தாள். வாய் மூடியிருந்தது. யாரும் தூரிகையைத் தொடவில்லை. சத்தமே வராமல் அழுதாள். அவளைத் தொட எனக்குத் தைரியம் இல்லை.

"அந்தப் படகு இன்னும் உன் கொட்டகையிலதான கிடக்கு? அந்த விளிம்புப் பலகையிலயே சட்டம் போடு," என்றாள்.

அதன்பிறகு இன்றுவரை அவள் என்னிடம் பேசியதில்லை. நானும் அப்படியே சட்டம் போட்டேன்.

லியாண்டரின் வாய் அவனுக்குத் திரும்பியது. டல்சி அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். அவனுக்குப் பக்கத்தில் ஆம்ப்ரோஸை மாட்டினோம். முதல் ஞாயிறு ஆராதனையின்போது அவன் சட்டத்தின் கீழ்விளிம்பில் நான்கு ஈரத் தடங்கள் இருந்தன, விரல் விரலாக. துடைத்தேன். அடுத்த ஞாயிறும் இருந்தன.

இப்போதெல்லாம் துடைப்பதில்லை. பாட்டு முடியும்வரை அவற்றின்மேல் கையை வைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எல்லோரும் போன பிறகு கையை எடுக்கப் பார்ப்பேன்.

சில வாரம் அவன் விடுவதில்லை.