வெற்றிலை வைத்து அழைத்த வீடு

நோட்டன் பிரிட்ஜில் நாத்தனார் வீட்டு விருந்தை முடித்துக்கொண்டு வேன் கிளம்பிப் பத்து நிமிடம் இருக்கும். கடைசி ஸீட்டுக் கண்ணாடி மட்டும் உள்பக்கமாக வேர்த்திருப்பதை நாகலெட்சுமி கவனித்தாள். அந்த ஸீட்டில் ஆளே இல்லை. போகிற வீடெல்லாம் கட்டிக்கொடுத்த பலகாரப் பைகளும் வாழைப்பழச் சீப்புகளும்தான் கிடந்தன. பலகாரத்துக்கு ஏது மூச்சு என்று நினைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது, வெளியே பார்ப்பதற்காக யாரோ கையால் துடைத்ததுபோல அந்தக் கண்ணாடியில் ஒரு வட்டம் இருந்தது.

மகன் நிரஞ்சனுக்குக் கலியாணம் முடிந்து அன்று நான்காம் நாள். கலியாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் வெற்றிலை பாக்கு கொடுத்து, பொண்ணு மாப்பிள்ளையை விருந்துக்கு அழைத்துவிட்டுத்தான் போயிருந்தார்கள். வெற்றிலையைக் கைநீட்டி வாங்கிவிட்டால் போயே ஆகவேண்டும். ஒரு வீட்டை விட்டாலும் பத்து வருசத்துக்கு அதைச் சொல்லிச் சொல்லியே கொன்றுவிடுவார்கள். அதனால் ஹட்டன் ரிஸ்வியின் வேனை மூன்று நாளைக்குப் பேசி, குடும்பமே ஊர் ஊராகச் சாப்பிடக் கிளம்பியிருந்தது. முன் ஸீட்டில் கணவர் கணேசமூர்த்தி கோழிக்குழம்பு மயக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நிரஞ்சனும் மருமகள் லோஜினியும் இன்னும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போகிற வீட்டிலெல்லாம் "ஊட்டிவிடு, ஊட்டிவிடு" என்று கைதட்டி, அவனை அவளுக்கு ஒரு வாய் ஊட்டவைத்துத்தான் விட்டார்கள். நாகலெட்சுமிக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சலிக்கவில்லை. ஒரே பிள்ளை. அவன் நன்றாக இருந்தால் போதும் அவளுக்கு.

இரவுச் சாப்பாடு உடப்புசல்லாவையில். நாலு மணிக்கே பனி இறங்கிவிட்டது. முதலில் கீழே தெரிந்த தேயிலைக் கொழுந்து மலையை மூடி, பிறகு பாதையோரத்து டர்பண்டைன் மரங்களை ஒவ்வொன்றாக மறைத்து, கடைசியில் வேனின் முன்னால் கட்டியிருந்த வாடிய மாலையைக்கூட மங்கலாக்கிவிட்டது. உள்ளே மல்லிகைப்பூவும் முறுக்கெண்ணெயும் மணத்தன. அந்த மணத்துக்கு அடியிலிருந்து இன்னொன்று மெல்லமெல்லக் கிளம்பி, காலடியில் ஊறி, முட்டி வரைக்கும் ஏறி, மூக்கில் வந்து உட்கார்ந்தது. பச்சை மண்ணின் வாசம். மழையில் வெட்டிப்போட்ட மண்.

அந்த வாசத்தை அவள் மறக்கவில்லை. மூன்று வருசத்துக்கு முன்னால், நாலு நாள் விடாமல் பெய்த மழையில், செங்கராயன் தோட்டத்து மேட்டு லயம் மலையோடு சேர்ந்து இறங்கிப் போனது. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த ஒரே வரிசை, பன்னிரண்டு வீடு. அதில் ஒன்று அவளுடைய அக்கா ராக்காயியின் வீடு. ஒன்பது நாள் தோண்டிப் பார்த்தும் ஓர் உடம்புகூடக் கிடைக்கவில்லை. யாரும் ஏறக்கூடாது என்று சிவப்புப் பலகை நட்டுவிட்டுப் போனார்கள்.

கலியாணம் என்றால் செத்தவர்களுக்கு வீட்டுக்குள் சேலை வைத்து விளக்கேற்றிக் கும்பிடுவதுதான் முறை. ஆனால் கண்ணால் காணாத சாவை எப்படிக் கும்பிடுவது? மனசு ஒப்பவில்லை. யாருக்கும் சொல்லாமல் தனியாகப் பலகை வரைக்கும் ஏறி, இருக்கிறவர்களுக்கு வைப்பதுபோலவே மண்மேல் வெற்றிலையும் பாக்கும் பத்திரிகையும் வைத்தாள். "அக்கா, எல்லாரும் வந்து நின்னு நடத்திக் குடுங்க" என்று அழுதாள். அழுது தீர்ந்ததும் நெஞ்சு லேசானது. அவ்வளவுதான் அவள் செய்தது.

"அத்த," லோஜினி முன்னால் சாய்ந்தாள். "ஒங்களுக்கு அக்கா இருக்காங்களா?"

"ஏம்மா கேக்குற?"

"கலியாணத்தன்னிக்கு ஒருத்தங்க வந்தாங்க. ஒங்க ஜாடையேதான். சேலையெல்லாம் நனஞ்சிருந்துச்சு. கையில வெத்தல குடுத்து, கட்டாயம் விருந்துக்கு வரணும்னாங்க. நானும் வாறோம்னு சொல்லிட்டேன். அவங்க வீட்டுக்கு எப்ப போறோம்?"

அக்கா கொடுத்த வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள் நாகலெட்சுமி. வைத்த இடத்திலேயே வைத்து, மன்னித்துவிடு என்று விழுந்து கும்பிடலாம்.

"அந்த வெத்தல எங்க? எடு. இப்பவே எடு."

"அப்பவே போட்டுக்கிட்டேனே அத்த," என்று சிரித்தாள் லோஜினி. "கொஞ்சம் மண்ணு கடிச்சிச்சு."

வேன் குலுங்கியது. தார் ரோட்டின் சத்தம் நின்று, சக்கரத்துக்கு அடியில் சரளைக்கல் நொறுங்கியது.

"ரிஸ்வி தம்பி, எங்க திருப்புறீங்க?"

"பின்னுக்கு இருக்கிற அக்காதானே சொன்னாங்க, இதால மேல போகச் சொல்லி."

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கழுத்தின் பின்னால் ஈரமாக ஒரு மூச்சு பட்டுப் பட்டு விலகியது.

"நிப்பாட்டுங்க. வண்டியத் திருப்புங்க."

"இதுல திருப்ப எடமில்ல அக்கா. ஒரு பக்கம் மலை, மத்தப் பக்கம் பள்ளம். மேல லயத்துக்கிட்ட போயித்தான் திருப்பணும்."

"அங்க லயம் இல்ல தம்பி!"

"லைட்டு தெரியுதே."

தெரிந்தது. பனிக்குள் வரிசையாகப் பன்னிரண்டு விளக்கு. சிவப்புப் பலகை கண்ணாடியை உரசிக்கொண்டு பின்னால் போனது. கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். கண் விழித்தார். விளக்குகளைப் பார்த்தார். விருந்துக்குப் போகிற மனிதராகத் தலையைக் கோதிக்கொண்டார்.

"வந்துட்டோமா லெச்சுமி?"

"எறங்காதீங்க. டேய் நிரஞ்சா, எறங்காதடா. அம்மா சொல்றேன்ல."

கதவு திறந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். மகனின் சட்டையைப் பிடித்தாள். அவன் கோபப்படவில்லை. அவளுடைய விரல்களை ஒன்றொன்றாக எடுத்துவிட்டு, லோஜினியின் கையைப் பிடித்து நடந்தான்.

அவளும் இறங்கினாள். கால் கேட்கவில்லை. தானாகப் போனது.

வாசலெல்லாம் ஆட்கள். ஆண், பெண், குழந்தைகள். எல்லாரும் கும்பிட்டபடி. எல்லார் தலையிலும் மண். எல்லாரும் வந்து நடத்திக் கொடுங்கள் என்று அவள்தான் கூப்பிட்டாள். லயமே வந்திருக்கிறது. இப்போது லயமே விருந்து வைக்கிறது.

தரையில் இலை போட்டிருந்தார்கள். நல்ல பச்சை வாழையிலை. ராக்காயி குனிந்து குனிந்து பரிமாறினாள். நனைந்த சேலை. நகக்கண்ணெல்லாம் கறுப்பு. இலைகளில் சோறு இல்லை.

மண்.

கணேசமூர்த்தி பிசைந்தார். ரிஸ்வி பிசைந்தான். யாரும் முகம் சுளிக்கவில்லை.

"சாப்பிடாதீங்க," என்றாள். குரல் வரவில்லை. மறுபடி சொன்னாள். உதடுதான் அசைந்தது.

ராக்காயி வந்து நாகலெட்சுமியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தங்கையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது. இழுத்தாள். வரவில்லை.

"நீ கூப்புட்ட, நாங்க வந்தோம்ல," என்றாள் அக்கா, அன்பாக. "பாரு தங்கச்சி, புள்ளைக எவ்வளவு ஆசையா இருக்குதுக."

லயத்து ஆட்கள் கைதட்டத் தொடங்கினார்கள். சத்தமே இல்லாத கைதட்டல். மேலே, பனிக்குள், மலை ஒருதரம் முனகியது.

நிரஞ்சன் வெட்கப்பட்டுச் சிரித்தான். இலையிலிருந்து ஒரு பிடி அள்ளி, உருட்டி, லோஜினியின் வாய்க்கு நேரே நீட்டினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். பல்லில் கல் நெரிபடுவது நாகலெட்சுமிக்குக் கேட்டது. லோஜினி விழுங்கினாள். உதட்டோரம் வழிந்த சேற்றை நிரஞ்சன் பெருவிரலால் துடைத்துவிட்டான்.

பிறகு அவள் ஒரு பிடி அள்ளினாள். அவன் வாயைத் திறந்தான்.