படைமதிக்குப் பாடம்

படைமதியின் திரை பல்கலைக்கழக நூலக வாசலில் இருந்தது. எதிரே வேப்பமரத்தடியில் தினமும் போர் எதிர்ப்புக் கூட்டம். அரசே ஒலிபெருக்கியும் மோர்ப்பந்தலும் போட்டுக் கொடுத்த எதிர்ப்புக் கூட்டம்!

கருமணல் தீவின் மீது நடந்த போர் யாருக்கும் பிடிக்கவில்லை. "எதிர்ப்பையும் கேட்போம்" என்று சொல்லித்தான் போர்த் திட்டம் போடும் படைமதி என்ற அந்த இயந்திர மூளையை இங்கே வைத்தார்கள். தாக்குதல் திட்டங்களை அது முன்கூட்டியே திரையில் போடும். ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம். ரகசியம் கசிந்துவிடாதா என்கிறீர்களா? வளாகத்தைச் சுற்றி அலைத்தடை. செய்தி வெளியே போகாது. ஆளும் போக முடியாது. போர் முடிந்த பிறகுதான் விடுவார்களாம்.

வாத்தியார்களுக்கு ஒரு வியாதி உண்டு. தப்பைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. பொருளியல் துறை எழுந்து, "இந்த உணவுக் கணக்கு சுத்த அபத்தம், படை பட்டினி கிடக்கும்" என்று வெளுத்து வாங்கியது. வரலாற்றுத் துறை முற்றுகைத் திட்டத்தைக் கிழித்துத் தொங்கவிட்டது. மாணவர்கள் விசிலடித்தார்கள். படைமதி ஒவ்வொருவருக்கும் பணிவாக நன்றி சொன்னது.

அடுத்த வாரமே உணவுக் கணக்கு சரியாகிவிட்டது. முற்றுகையும் சரியாகிவிட்டது. தோற்றுத் திரும்ப வேண்டிய படை முன்னேறிக்கொண்டிருந்தது. அட கஷ்டகாலமே, போரை நிறுத்தப் பேசிய பேச்செல்லாம் போருக்கே டியூஷன் எடுத்திருக்கிறது!

முதலில் கண்டுபிடித்தவள் முத்துப்பேச்சி. கடலியல் மூன்றாம் ஆண்டு, மாணவர் சங்கத் தலைவி. "இனிமே ஒருத்தரும் வாயத் தொறக்கக்கூடாது. நாம பேசப் பேச அது படிச்சுக்கிட்டே இருக்கு" என்றாள்.

மௌனப் போராட்டம் தொடங்கியது. பேராசிரியர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். படை தடுமாறியது. இன்னும் ஒரு தோல்வி, அதோடு போர் முடிந்தது என்று எல்லோரும் நம்பினார்கள்.

அப்போதுதான் தென்குடாத் திட்டம் வந்தது. அமாவாசையன்று, கடல் வற்றும் நேரத்தில், தீவின் தென் வளைகுடாவில் படகுகளில் தரையிறக்கம். கடலியல் பேராசிரியர் ஜெசிந்தா அதிலிருந்த தப்பை உடனே கண்டுகொண்டார். அந்தக் குடாவில் வற்று நீரோட்டம் படகுகளை இழுத்துப் பாறையில் மோத வைக்கும். ஒருவர்கூடக் கரையேற மாட்டார். போகிறவர்களின் பெயர்கள் திரையில் ஓடின. அதில் இசக்கிராஜா இருந்தான். கட்டாயப் படைக்கு இழுத்துச் செல்லப்பட்ட அவருடைய மாணவன்; முத்துப்பேச்சியின் அண்ணன்.

"மேடம், ஏன் முகம் இப்படி ஆயிட்டு?"

ஜெசிந்தா காதோடு காதாகச் சொன்னார். முத்துப்பேச்சி திரையில் அண்ணன் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"இதுல தோத்தா சண்டை நின்னுரும்லா?"

"நின்னுரும்மா. அந்தத் தீவுல உள்ள சனம் பொழச்சிரும். அதனாலதான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன். நெஞ்சு வெடிக்குதுடி எனக்கு."

"சொல்லிருங்க மேடம்." அவள் உடைந்து அழுதாள். "எங்கம்மா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

ஜெசிந்தா திரை முன் போய், கடல் ஏறும் நேரத்தில் இறங்கச் சொன்னார். வகுப்பில் சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னார். வேறு மாதிரிச் சொல்ல அவருக்குத் தெரியாது.

தரையிறக்கம் வெற்றி. இசக்கிராஜா பிழைத்தான். தென்குடாவின் மீனவர் ஊர் முழுக்க எரிந்தது. போர் மேலும் நீளும் என்றது திரை. ஜெசிந்தாவை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

படைமதி கடலைப் பற்றி மட்டுமா கற்றுக்கொண்டது? எந்த வாத்தியார் எப்போது வாயைத் திறப்பார் என்பதையும் கற்றுக்கொண்டிருந்தது. அடுத்த திட்டத்தில் முதல் படகு முழுக்கக் கடலியல் மூன்றாம் ஆண்டு மாணவர்கள். உணவு வண்டிகளில் பொருளியல் மாணவர்கள். முற்றுகையின் முன்வரிசையில் வரலாற்று மாணவர்கள். அழைத்துப் போக லாரிகளும் வந்துவிட்டன.

வேப்பமரத்தடி காலியானது. பேராசிரியர்கள் விழுந்தடித்துக்கொண்டு திரையை நோக்கி ஓடினார்கள். முத்துப்பேச்சி பெரிய அளவுப் படைச்சட்டையை மாட்டிக்கொண்டு ஜெசிந்தாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இதுல தப்பு எங்க இருக்கு மேடம்? சீக்கிரம் பாருங்க."

ஜெசிந்தா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, போரில் ஜெயிக்கும் வழியைத் தேட ஆரம்பித்தார்.