முன்பக்கத்தில் ஒட்டிய தாள்

மந்திரியைக் கடத்தியது அவருடைய கார் டிரைவர்தான் என்று ஊருக்கே போட்டுக் கொடுத்தவன் நான்.

நூலகத்தில் எனக்குப் பைண்டர் வேலை. முதுகு பிய்ந்து வரும் புத்தகங்களைத் தைத்து, பசை தடவி, அட்டை போட்டு அனுப்புவேன். எங்கள் நூலகத்தில் ஒவ்வொரு நாவலின் கடைசியிலும் ‘வாசகர் கருத்து’ என்று ஒரு தாள் இருக்கும். தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்பு ஒரு மந்திரி காணாமல் போகிற அந்த நாவல் தையலுக்கு வந்தபோது, தாள் ஏறக்குறைய நிரம்பியிருந்தது.

‘மந்திரி இவ்வளவு நல்லவராக இருப்பது நம்பும்படி இல்லை.’

‘நடுவில் ஐம்பது பக்கம் மேடைப் பேச்சு. தாண்டிவிட்டேன். நஷ்டமில்லை.’

‘112ஆம் பக்கத்தைக் கிழித்தவரைத்தான் முதலில் கடத்த வேண்டும்.’

இத்தனை பேர் எழுதும்போது நான் மட்டும் சும்மா இருப்பேனா? மேலே மிச்சமிருந்த இடத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: ‘டிரைவர்தான் கடத்தினான். நாற்பதாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன்.’

எழுதிய பெருமையில், தாளைப் பின்பக்கத்துக்குப் பதில் முன்பக்கத்தில் ஒட்டிவிட்டேன்.

பத்து நாள் கழித்து, ஒரு மழை மத்தியானம், என் மேஜைமேல் அந்தப் புத்தகம் ‘தொப்’பென்று விழுந்தது. நிமிர்ந்தேன்... நனைந்த குடை. அதற்கு மேலே இரண்டு கண்கள். அழுது முடித்த கண்களா, இனிமேல்தான் அழப்போகிற கண்களா என்று சொல்ல முடியாத கண்கள்.

“இத எழுதினது யாரு?”

“யாரோ... வாசகர்...”

“தாள்ல பசை விரல் பதிஞ்சிருக்கு. உங்க கையக் காட்டுங்க, அந்த வாசகர நானும் பாத்துக்கறேன்.”

கையை மேஜைக்கு அடியில் ஒளித்தேன். அதைவிடப் பெரிய வாக்குமூலம் வேறென்ன?

அவள் நின்றபடியே சொன்னாள். அவளுடைய அப்பாவுக்குச் சர்க்கரை நோயில் கண் போய்விட்டது, பின்னாலேயே சிறுநீரகமும். வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். வரவே மாட்டேன் என்று அடம் பிடித்தவரை, ஒரு தடவைக்கு ஒரு அத்தியாயம் படித்துக் காட்டுவதாகப் பேரம் பேசித்தான் அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள். பன்னிரண்டு அத்தியாயம் முடிந்த நிலையில் புத்தகத்தின் முதுகு பிய்ந்தது. தையல் போட்டுத் திரும்பி வந்ததும் அப்பா தடவிப் பார்த்து, “முன்னாடி புதுசா ஒரு தாள் இருக்கே, படிம்மா” என்றாராம்.

“வாய்ல வந்த பிறகுதான் என்ன படிச்சோம்னே தெரிஞ்சுது... இப்ப ‘கதைதான் தெரிஞ்சு போச்சே, இனி எதுக்கு ஊசியக் குத்திக்கிட்டுக் கெடக்கணும்’ங்கறார். ரெண்டு தடவை போகல. கால் வீங்கிக் கெடக்கு.”



அன்று சாயங்காலமே அவள் பின்னால் போய், ஒடுங்கிய மாடிப்படி ஏறி, அவர் கட்டிலருகே நின்றேன்.

“ஐயா, அந்தக் கருத்த எழுதினவன் நான்தான். தப்பா எழுதிட்டேன். நான் பாதிதான் படிச்சேன்.”

“பாதி படிச்சிட்டுக் கருத்து சொல்றவனா நீ?”

“ஆமாங்க.”

“அரசியல்ல சேர வேண்டிய ஆளு, பசை தடவிக்கிட்டு இருக்க.” வீங்கிய காலை மெல்ல அசைத்தார். “அப்ப டிரைவர் இல்லையா?”

“இல்லவே இல்ல.”

மறுநாள் காலை அவர் டயாலிசிஸுக்குக் கிளம்பினார்.

பொய் சொல்லியாயிற்று. இனி அதற்கு அத்தியாயம் எழுதியாக வேண்டுமே! மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து எழுதினேன். மந்திரியை டிரைவரிடமிருந்து பிடுங்கி அவருடைய மச்சானிடம் கொடுத்தேன், மச்சானிடமிருந்து எதிர்க்கட்சிக்கு, அங்கிருந்து மறுபடி மச்சானுக்கு. உதிரித் தாளின் சத்தம் அவர் காதுக்கு உடனே தெரிந்துவிடும் என்று, எழுதியதையெல்லாம் புத்தகத்துக்குள்ளேயே தைத்துக் கொடுத்தேன்.

செவ்வாயும் வெள்ளியும் வார்டில் அவர் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நடுவில் இயந்திரம் முனகும். ஜன்னலில் மழை வழியும். சிவப்புக் குழாய்களைப் பார்க்க முடியாமல் நான் அவளைப் பார்ப்பேன். படிக்கும்போது அவள் புருவம் லேசாக ஏறி இறங்கும்... என் எழுத்துக்கு யாரும் அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

அவள் மின்வாரியத்தில் புகார் தொலைபேசி எடுக்கிறவள். “கரண்ட் எப்ப வரும்?” என்று நாள் முழுக்கக் கேட்பவர்களுக்கு, எப்போது என்று மட்டும் சொல்லாமல் பேசத் தெரிந்தவள். அதை என்மேலும் பிரயோகித்தாள்.

“நான் வர்றது உங்களுக்குப் பிடிச்சிருக்கா?”

“மழை விட்டுடுச்சான்னு பாருங்க.”

“நான் கேட்டது...”

“குடை எடுத்துட்டு வந்தீங்களா?”

பதினேழாம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மூன்றாம் அத்தியாயத்தில் கயிறு அறுந்து லிஃப்ட் கீழே விழுவதைக் கேட்டதிலிருந்தே நூலாசிரியரைத் திட்டிக்கொண்டிருந்தார். கயிறு அறுந்தாலும் பிரேக் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும், லிஃப்ட் விழாது என்று எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கப் பாடம் எடுத்தார். அதை அப்படியே அடுத்த லிஃப்ட் காட்சியில் எழுதிவிட்டேன். அவள் படித்துக்கொண்டே வந்தாள். அவர் கையை உயர்த்தினார்.

“நிறுத்தும்மா. மூணாவதுல மடையனா இருந்த எழுத்தாளன் பதினேழுல எப்படிப் புத்திசாலி ஆனான்? டேய் பசை... நான் உனக்குச் சொன்னத அவனுக்கு யாருடா சொன்னது?”

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

“டிரைவர்தான, இல்ல?”

“...ஆமாங்க.”

போச்சு, எழுந்து ஊசியைப் பிடுங்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தலையணையில் தலையைச் சாய்த்தார். “சரி, படிம்மா. மச்சான் என்ன பண்றான்னு பாப்போம்.”

அன்று வார்டுக்கு வெளியே, நடைபாதை பெஞ்சில், தைரியம் வந்து கேட்டே விட்டேன். என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்வீர்களா என்று.

அவள் முகம் இறுகியது. “நீங்க எதுக்கு வர்றீங்க? செஞ்ச தப்புக்கா, எனக்கா?”

“ரெண்டுக்கும்தான்...”

“பாவத்தக் கழுவிக்க வர்ற ஆளுக்கு நான் சோப்பு இல்லைங்க.”

எழுந்து போய்விட்டாள். அடுத்த இரண்டு வாரம் அத்தியாயம் தைத்த புத்தகத்தைச் செவிலியரிடமே கொடுத்து வாங்கிக்கொண்டேன். கழுத்துவரை ரோஷம். ரோஷப்பட எனக்கு ஒரு தகுதியும் இல்லைதான்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை புத்தகத்தோடு நானே வார்டுக்குள் போனேன். கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். விடியற்காலையில் வீட்டிலேயே இதயம் நின்றுவிட்டதாம்.

அதன் பிறகு எனக்கு ஒரே கேள்வி. அந்த இரண்டு தடவை... போகாமல் இருந்த அந்த இரண்டு தடவை. டாக்டரிடம் கேட்டேன். “இதுக்கெல்லாம் ஒரே காரணம்னு சொல்ல முடியாது” என்று வேறு நோயாளியின் காகிதத்தைப் புரட்டினார். “மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க” என்றார் செவிலியர். நூலகத்தில் எல்லோரும் “விடு” என்றார்கள். எதை விடுவது என்று ஒருவரும் சொல்லவில்லை.

இருபது நாள் கழித்து அவள் வீட்டு மாடிப்படி ஏறினேன். கதவைத் திறந்தாள். மெலிந்திருந்தாள். கண்களுக்குக் கீழே கரு நிழல்... வெளியே மழை பிடித்துக்கொண்டது. அறையில் கட்டில் மட்டும் வெறுமையாக, சுவரோரம் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

“ஒண்ணு கேக்கணும்,” என்றேன். “என்னாலதானா? நான் எழுதினதாலதானா அவர்...”

மழையைக் காட்டிப் பேச்சை மாற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அப்படி மாற்றிவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

“ஆமா. அதுவும் ஒரு காரணம். டயாலிசிஸ் போகாத அந்த வாரம் உடம்புல தேங்கின தண்ணியில இதயம் பழுதாச்சு, அதுக்கப்புறம் தேறவே இல்லன்னு டாக்டர் எங்கிட்ட சொன்னார். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்.”

திரும்பிப் படி இறங்கப் போனேன்.

“இன்னும் இருக்கு, கேளுங்க. உங்க மேல கோவம் இருக்கு. எப்ப போகும்னு தெரியல, போகாமலும் இருக்கலாம். ஆனா அந்த ரெண்டு வாரம் நீங்க வார்டுக்கு வராதப்ப, அப்பாவ விட நான்தான் வாசலப் பாத்துக்கிட்டு இருந்தேன். அன்னிக்கு பெஞ்சுல கேட்டீங்களே... பண்ணிக்கறேன். உள்ள வாங்க.”