நாற்பத்திரண்டாவது தாள்

கணு நகர்ந்திருந்தது.

இடப்பக்க ஸ்பீக்கர் பெட்டியின் முகப்பில், ஒலி வரும் வட்டத்துக்கு ஒரு சாண் கீழே, தூங்குகிறவரின் கண்ணிமை போல மூடிக் கிடக்கும் அந்தக் கருங்கணு, போன சனிக்கிழமை பெட்டியின் நட்டநடுவில் இருந்தது. இன்று ஒரு விரற்கடை வலப்பக்கம் தள்ளி இருந்தது. அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். இருபது வருஷமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஒரு புள்ளி இடம் மாறினாலும் கண்ணில் முள்ளாகக் குத்தும். இது புள்ளி இல்லை.

"மரம்னா அப்படித்தாங்க. வெயிலுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும்," என்றாள் மனைவி, சோபாவில் சாய்ந்து புறங்கையைச் சொறிந்தபடி. "நீங்ககூடத்தான் காலையில ஒரு மாதிரி, சாயந்திரம் ஒரு மாதிரி இருக்கீங்க. நான் யாருக்காவது ஃபோன் போட்டுப் புகார் சொன்னேனா?"

அவன் சிரிக்கவில்லை.

ஸ்பீக்கர்கள் வந்து ஐந்து வாரம் ஆகிறது. கடையில் அதே ஸ்பீக்கர் கறுப்பிலும் வெள்ளையிலும் நின்றது. உள்ளே இருப்பதெல்லாம் ஒன்றுதான், பாட்டும் ஒன்றாகத்தான் கேட்கும் என்று கடைக்காரர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். ஆனால் வால்நட் மரம் போர்த்திய ஜோடியின் முன்னால் நின்றபோது அவனுக்குப் பாட்டே வேறாகக் கேட்டது. நடுவில் தேன் நிறமாக ஓடி, ஓரங்களில் காப்பிக்கொட்டையாக இருண்டு, தொட்டால் ஏதோ பிராணியின் விலாவைத் தொட்டது போல வெதுவெதுப்பாக இருந்தது அந்த மரம். உலோகமும் பிளாஸ்டிக்கும் கண்ணாடியுமாக இருந்த வீட்டில் உயிருள்ள ஒன்றைக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று இத்தனை நாள் ஏங்கிக்கொண்டிருந்தது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஒரே கட்டையில அடுத்தடுத்துச் சீவின ரெண்டு ஷீட் சார்," என்றார் கடைக்காரர். "புத்தகத்தை விரிச்ச மாதிரி. இடதுக்கு வலது கண்ணாடி."

வீட்டுக்கு வந்து பின்பக்கம் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சாக்பீஸில் யாரோ எழுதிய எண்கள். இடது 41. வலது 43.

நடுவில் ஒரு பக்கம் விடுபட்டிருந்தது.

அன்றிலிருந்து அவனுக்குப் பாட்டு இறங்கவில்லை. வலப்பக்கத்துக் கணு, இடப்பக்கத்துக் கணுவைவிட ஒரு நெல்லளவு பெரிதாக இருந்தது. ரேகைகள் எல்லாம் கிட்டத்தட்டப் பொருந்தின. கிட்டத்தட்ட. அந்தக் கிட்டத்தட்டதான் அவனைக் கொன்றது. கடைக்கு ஃபோன் செய்தான். கவனிக்கிறோம் சார். மறுபடி செய்தான். தொழிற்சாலையில் கேட்டிருக்கிறோம் சார். நாற்பத்திரண்டாவது தாள் எனக்கு வேண்டும், அது என்னுடையது என்று கத்தினான். எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

கத்தியது மனைவியின் காதில் விழுந்துவிட்டது.

"இன்னொரு தடவை அந்தக் கடைக்கு ஃபோன் போனா, நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவனுக்கும் தெரியும். பிள்ளையில்லாத வீடு. பதினெட்டு வருஷத்தில் அந்த வீட்டில் கேட்ட சிரிப்பெல்லாம் அவளுடையதுதான். அவள் இல்லாத கூடத்தை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தான். அடுத்த நாளிலிருந்து அலுவலகத்தில் இருந்து ஃபோன் செய்தான்.

இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சம தூரத்தில் நாற்காலி இருந்தால்தான் பாட்டு சரியாகச் சேரும் என்பதால், ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் நாற்காலிவரை தரையில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தான். இரண்டு கோடுகளும் நாற்காலியின் காலடியில் போய் முட்டின.

"இது நீங்க ஆபீஸ் தாள்ல போடுற குறி மாதிரியே இருக்கே," என்றாள் அவள். "கூரை மாதிரி. ஏதாவது விட்டுப்போனா போடுவீங்களே."

"செருகல் குறி," என்றான். விட்டுப்போனதை இங்கே சேர் என்று அர்த்தம். அன்று இருந்த எரிச்சலில், பழக்க தோஷத்தில், பென்சிலை எடுத்து டேப்பின் முனையில், நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில், '42?' என்று எழுதினான்.

அந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்ததே இல்லை. அவனுக்கு அளவுகோலோடு பெட்டிகளின் முன்னால் நிற்கவே பொழுது சரியாக இருந்தது. பகலில் அவன் இல்லாதபோது உட்கார்ந்து பாட்டுக் கேட்பது அவள்தான்.

மரத்துக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் தடவக் கடையில் சொல்லியிருந்தார்கள். ஆளிவிதை எண்ணெய், மெல்லிய துணி, ரேகை ஓடும் வாக்கில் மட்டும். முதல் வாரம் ஒரு மூடி போதுமாக இருந்தது. நான்காவது வாரம் கால் குப்பி போனது. தடவத் தடவ மரம் குடித்தது. துணியை எடுத்த மறுகணம் தடமே இல்லாமல் வெளுத்து வறண்டு நின்றது.

"என் கையையும் கொஞ்சம் பாருங்களேன்," என்று நீட்டினாள் அவள். "வறண்டு கோடு கோடா வெடிக்குது. என்ன தடவினாலும் நிக்கல."

"ம்," என்றான் தலையைத் திருப்பாமல். இடப்பக்கக் கணு இப்போது பெட்டியின் உள்விளிம்பை நெருங்கியிருந்தது. வலப்பக்கத்துக் கணுவும் அப்படித்தான். இரண்டும் நாற்காலி இருக்கும் திசைக்கு நகர்கின்றன என்பது அவனுக்குத் தெரிந்தது. மரம்னா அப்படித்தான் என்று சொன்னவள் இனி நம்புவாளே என்ற ஆத்திரமான திருப்திதான் முதலில் வந்தது.

"இந்த மரத்தைப் பாக்கற மாதிரி என்னை ஒரு தடவை பாத்திருக்கீங்களா?"

அவன் அளவுகோலைக் கணுவின்மேல் வைத்தான். அவள் வெகுநேரம் அங்கேயே நின்றாள். அப்புறம் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

பாட்டு ஓடாத வேளைகளிலும் இப்போது பெட்டிகளிலிருந்து சத்தம் வந்தது. விரல் சொடுக்குவது போல இடப்பக்கம் ஒன்று. கொஞ்சம் பொறுத்து வலப்பக்கம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் எதற்கோ இடம் விட்டது போல ஓர் இடைவெளி. வீட்டில் பச்சை மரத்தை அப்போதுதான் பிளந்தது போல ஈரமும் துவர்ப்பும் கலந்த ஒரு வாசனை, திரைச்சீலையில், தலையணையில், அவள் கூந்தலில்.

வெள்ளிக்கிழமை மதியம் அலுவலகத்திலிருந்து கடைக்கு ஃபோன் செய்தான்.

"இன்னும் என்ன சார்?" என்றார் கடைக்காரர். "அதான் முடிஞ்சுபோச்சே."

"என்ன முடிஞ்சுபோச்சு? நாற்பத்திரண்டு எங்கேன்னு கேட்டு ஒரு மாசம் ஆச்சு. கிணத்துல போட்ட கல் மாதிரி இருக்கீங்க."

"காலையில உங்க வீட்டம்மா கூப்பிட்டாங்களே சார். இனிமே தேட வேண்டாம், இங்கேயே இருக்குன்னு சொன்னாங்க." கொஞ்சம் தயங்கினார். "அம்மாவுக்குத் தொண்டை சரியில்லையா சார்? கட்டைக் குரலா இருந்துது."

அவன் பாதி திருத்திய தாளை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினான். வழி முழுக்க அவள் எண்ணுக்கு அழைத்தான். மணி அடித்தது. எடுக்கவில்லை. அக்கா வீட்டுக்குப் போயிருப்பாள் என்று சொல்லிக்கொண்டான். போயிருந்தால் போதும் என்று நினைத்தான்.

கதவு தாழிடாமல் இருந்தது. அவளுடைய செருப்பு வாசலில் இருந்தது.

கூடத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மணி வெயில் ஜன்னல் வழியே தரையில் நீளமாக விழுந்திருந்தது. நாற்காலி அவனுக்கு முதுகு காட்டி இருந்தது. சாய்மானத்துக்கு மேலே அவள் தலை தெரிந்தது.

"ஏய்."

அசைவில்லை.

பெட்டிகளைப் பார்த்தான். கணுக்கள் இல்லை. இரண்டிலும் வெறும் மரம். நேரான ரேகைகள் மட்டும், துடைத்துவிட்டது போல.

பாட்டு முடிந்தது.

இடப்பக்கம் ஒரு சொடுக்கு.

வலப்பக்கம் ஒரு சொடுக்கு.

பிறகு நடுவில்.

நாற்காலிக் காலடிவரை நடந்தான். டேப்பின் முனையில் பென்சில் எழுத்து. 42. கேள்விக்குறி அழிந்திருந்தது.

நாற்காலியைச் சுற்றி வந்து அவள் முன்னால் நின்றான்.

வெயில் அவள் முகத்தில் விழுந்தது. நெற்றியில் தேன் நிறம். காதோரங்களில் காப்பிக்கொட்டையாக இருண்ட கோடுகள். கோடுகள் கழுத்தில் இறங்கி, கைகளில் ஓடி, விரல் நுனிவரை. கண்கள் இருந்த இடத்தில் மூடிய இமைகள் போல இரண்டு கருங்கணுக்கள். இடதுக்கு வலது கண்ணாடி. நெல்லளவும் வித்தியாசமில்லை. அவன் கண் அவனைக் கேட்காமலே தேடியது. ஐந்து வாரத்தில் முதல் தடவையாக எங்கேயும் பிழை இல்லை.

உதடுகள் இருந்த இடத்தில் ஒரு ரேகை மெல்லப் பிளந்தது.

"வறண்டு கெடக்குங்க," என்றது கட்டைக் குரல். "கொஞ்சம் எண்ணெய் தடவுங்க."

குப்பி நாற்காலிக்குப் பக்கத்திலேயே திறந்திருந்தது. துணி அவன் கையில் இருந்தது. எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை. நனைத்தான். கன்னத்தில் வைத்தான். ரேகை ஓடும் வாக்கில் மட்டும் இழுத்தான்.

துணியை எடுத்தான். தடமே இல்லை.

குடித்துவிட்டிருந்தது.