கழுத்து வில்லை போன வழி

“நல்ல தண்ணீரைக் காட்டுகிறவர் சிறைக்குத் திரும்ப வேண்டாம். ஆறு நாள் தருகிறேன்!” என்றார் துரை.

அந்தமானின் அந்தக் குட்டித் தீவில் புதிய குடியிருப்பு அமைக்கக் கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்திருந்தார்கள். ஐந்து நாளில் ஆண்கள் எட்டுக் குழி தோண்டினார்கள். எட்டிலும் உப்பு. ஆறாம் நாள் காலை, சமையலுக்கு வந்த கைதி சிலம்பாயி கடப்பாரையை எடுத்தாள்.

புதுக்கோட்டைப் பக்கம் கிணறு வெட்டிப் பிழைத்தவள் அவள். கணவனைக் கொன்றவனைக் கடப்பாரையால் சாய்த்ததற்கு ஆயுள் தண்டனை. கழுத்து வளையத்தில் தொங்கிய மரவில்லையில் சாயத்தால் எழுதிய எண் 417. அதன் கீழே ‘கொலை’.

துணைக்கு அவளுடைய சிறைத் தோழி, திருநெல்வேலி இசக்கி. காவலுக்கு நாகூர் ஜமேதார் காதர் சுல்தான். மாலையில் கப்பல் கைதிகளை ஏற்றிக்கொண்டு சிறைக்குக் கிளம்பிவிடும்!

மூவரும் புதரை வெட்டி மலை ஏறினார்கள். சிலம்பாயி பாறை பாறையாகக் காதை வைத்துக் கேட்டாள். ஓரிடத்தில் நின்றாள். கீழே சலசலப்பு! பக்கத்திலேயே ஒரு குகை.

“ஏட்டி, உள்ள பாம்பு கெடக்கும்!” என்றாள் இசக்கி.

“கெடந்தா அதுவும் தண்ணி தேடி வந்ததுதான். வா!”

பந்தத்துடன் இறங்கினார்கள். இசக்கியின் கால் வழுக்கியது. சிலம்பாயி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். எதிரே ஓர் ஓடை பாய்ந்து வந்து பாறைப் பிளவுக்குள் மறைந்தது. அள்ளிக் குடித்தாள். இனித்தது!

காதர் உதட்டைப் பிதுக்கினார். “முந்நூறு பேருக்கு இதைத் தலையிலயா சுமப்பீங்க? துரை ஒத்துக்க மாட்டாரு.”

“இது எங்கயாவது வெளிய வந்தாகணும், பாய்.”

எங்கே வெளிவருகிறது என்று பார்க்க ஓர் இலையைப் போடலாம். ஆனால் கரையெல்லாம் இலைதான். சிலம்பாயி சட்டென்று வில்லையைக் கழற்றினாள்.

“அடிப்பாவி! அதைத் தொலைச்சா ஆறு மாசம் கால்விலங்கு!” என்று பதறினாள் இசக்கி.

“தொலைக்கலையே. முன்னால அனுப்புறேன்.”

வில்லை பிளவுக்குள் பாய்ந்தது.

கரைக்கு ஓடினார்கள். பாறை பாறையாகத் தேடினார்கள். வெயில் சாய்ந்தது. கடல் வற்றிப் பின்வாங்கியது. கப்பல் ஒருமுறை ஊதியது. “விலங்கு நிச்சயம்” என்று முனகினார் காதர். சிலம்பாயி தேடுவதை நிறுத்தவில்லை.

“ஏட்டி, இங்க பாரு!”

கறுத்த பாறைகளுக்கு நடுவே மணல் கொப்பளித்தது. அதில் வில்லை சுற்றிக்கொண்டிருந்தது! சிலம்பாயி ஒரு கை அள்ளினாள். இனிப்பு!

“முந்தாநாள் இங்கதானே வாய் வெச்சேன்? கரிச்சுதே!” என்றார் காதர்.

“கடல் ஏறி நிக்கையில குடிச்சிருப்பீங்க, பாய்.”

கடல் எட்டாத மேட்டில், ஓடை வந்த திசை பார்த்துக் கடப்பாரையை இறக்கினாள். இசக்கி மண்ணை வாரினாள். இடுப்பளவு ஆழத்தில் தண்ணீர் பீறிட்டது!

துரை இரண்டு குவளை குடித்துவிட்டுத் தலையசைத்தார். குமாஸ்தா பதிவேட்டைத் திறந்து, வில்லையை வாங்கிப் புரட்டினார். பாறைகள் சாயத்தை உரசி எடுத்திருந்தன.

“நம்பரே இல்லையே! என்னன்னு எழுத?”

“சிலம்பாயின்னு எழுதுங்க. கிணறு வெட்டுறவ. கிணத்துக்குக் கல்லுக் கரை கட்ட இன்னொரு ஆள் வேணும். இசக்கி பேரையும் எழுதுங்க.”

குமாஸ்தா துரையைப் பார்த்தார். துரை எழுதச் சொல்லிக் கையசைத்தார்.

கப்பல் மறுபடி ஊதிக்கொண்டு கிளம்பியது. ஐந்து நாள் தோண்டியவர்கள் ஒருமுறையேனும் தரையில் காதை வைத்திருக்கலாம் என்று காதருக்குத் தோன்றியது. கிணற்றுக்குள் இருந்த இருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முதல் கல்லை எங்கே வைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.