முட்டைப் பெட்டியின் அடியில்

"அந்த எபினேசரை இன்னிக்கே ஊட்டைக் காலி பண்ண வெக்கணும் சார்! என் பாம்பு முட்டையெல்லாம் நாசம் பண்ணிட்டான்!"

கும்மிடிப்பூண்டி பஜாரில் இருந்த துளசிராமனின் துப்பறியும் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக வசந்தகுமார் கத்தினார். சிப்காட் தொழிற்பேட்டையில் மோட்டார் கம்பெனி ஒன்றின் பேக்கிங் பிரிவில் அவர் சூப்பர்வைசர். முறையாக அனுமதி வாங்கி, விஷமில்லாத வெளிநாட்டுப் பாம்பு ஒன்றை வளர்க்கிறார். அது இட்ட முட்டைகளை, ஈரம் பிடித்துவைக்கும் வெர்மிகுலைட் துகளைப் படுக்கையாகப் பரப்பி, மூடி போட்ட பெட்டியில் வைத்திருந்தார். அவை இப்போது குழி விழுந்து கிடக்கின்றனவாம்.

"மாடியில குடியிருக்கான். பாம்பு இருக்கற ஊட்ல புள்ளைங்கள வெச்சிக்கினு எப்டி தூங்கறதுன்னு என்னாண்ட ஒரே பேஜாரு பண்ணுவான். தண்ணி மோட்டார் சுவிட்சு, முட்டைப் பெட்டி வெச்சிருக்கற ரூம்ல இருக்கறதால அவன்கிட்டயும் ஒரு சாவி இருக்குது. அந்த ஆளுங்களுக்கு ஊடு குட்த்ததே என் தப்பு சார்."

'அந்த ஆளுங்க' என்றதுமே உதவியாளர் பூமிகாவுக்குச் சுருக்கென்றது. மனுஷன் பேசுகிற பேச்சா இது? வாயைத் திறக்கப் போனவளைத் துளசிராமன் பார்வையாலேயே அமர்த்தினார்.

மூவரும் போனபோது வசந்தகுமாரின் வீட்டு வாசலில் குட்டியானை என்னும் சின்னச் சரக்கு வண்டி நின்றது. எபினேசர் தானாகவே வீட்டைக் காலி செய்து கட்டிலை ஏற்றிக்கொண்டிருந்தார். காலையில் குழாயடியில் வசந்தகுமார் போட்ட கூச்சலைக் கேட்டவர்கள் இன்னும் கலைந்து போகவில்லை.

வசந்தகுமார் அறையைத் திறக்கச் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தபோது ஒரு சிறு மெல்லிய துணிப் பொட்டலம் கீழே விழுந்தது. உள்ளே நீல நிற மணிகள் தெரிந்தன. பேச்சை நிறுத்தாமலேயே அதைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

துளசிராமன் பெட்டியைக் குனிந்து பார்த்தார். "மூடி எப்பவும் இப்டி தெளிவாவா இருக்கும்?"

"இல்ல சார், உள்ள வேர்த்துக்கினே இருக்கும். பழைய படுக்கையில பூசணம் புடிச்சிதுன்னு ஞாயித்துக்கிழமை நான்தான் புதுசா ஈரம் பண்ணி மாத்தினேன். அப்பால பாத்தா இந்தக் கோலம்."

"முட்டை மேல பென்சில் கோடு?"

"நான் போட்டதுதான். கோழி முட்டை மாதிரி இத்த திருப்பக் கூடாது, உள்ள குட்டி செத்துரும். எந்தப் பக்கம் மேலன்னு அடையாளம்."

"கோடெல்லாம் வெச்ச மாதிரியே இருக்குதா?"

"அப்டியேதான் இருக்குது."

துளசிராமன் எபினேசரையும் வரவழைத்தார். முட்டைகளை வசந்தகுமாரே புரளாமல் வேறு தட்டுக்கு மாற்றினார். பிறகு துளசிராமன் படுக்கைக்குள் கைவிட்டு, நாலு மூலையிலிருந்தும் ஒவ்வொரு துணிப் பொட்டலமாக எடுத்துப் போட்டார். உள்ளிருந்த மணிகள் ரோஸ் நிறமாக இருந்தன.

"சிலிக்கா ஜெல். ஈரத்தைக் குடிச்சா நீலம் ரோஸ் ஆயிடும். படுக்கை ஈரத்தை இது குடிச்சதாலதான் முட்டை குழி விழுந்திருக்குது," என்றார்.

"பாத்தீங்களா! இவன் வேலைதான்!"

"முட்டைங்களைத் தூக்காம அடியில இதை வெக்க முடியாது. பாம்புன்னாலே நடுங்கற ஆளு, ஒவ்வொண்ணா எடுத்துட்டுக் கோடு மாறாம திரும்ப வெச்சாரா? முட்டை வெக்கறதுக்கு முன்னாடியே இது உள்ள இருந்துது. படுக்கை போட்டது நீங்க. கம்பெனியில காலிப் பெட்டிக்குள்ள மொதல்ல இன்னா போடுவீங்க?"

வசந்தகுமாரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"நாலு மூலையிலயும்... இதான். கைப்பழக்கம் சார், என்னை அறியாம..." முகம் வெளுத்தவர், அடுத்த மூச்சிலேயே கேட்டார்: "முட்டை பொழைக்குமா?"

பூமிகாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவருக்கு முட்டைக் கவலைதான் பெரிது!

"புதுசா ஈரப் படுக்கை போடுங்க. முட்டை மேல தண்ணி படக் கூடாது. குழி நிமிர்ந்தாலும் நிமிரும்," என்றார் துளசிராமன்.

"முட்டையில வுழுந்த குழி நிமிந்துக்கும்," என்றார் எபினேசர். "காலையில கொழாயாண்ட, என் புள்ளைங்க எதிர்ல, என்னைப் பொறுக்கின்னீங்களே. அத்த எத்த வெச்சி சார் நிமித்துவீங்க?"



"வாங்க சார் கொழாயடிக்கு," என்றாள் பூமிகா. "அங்க சொன்னதை அங்கயே வாபஸ் வாங்குங்க. அதே சத்தத்துல."

வசந்தகுமார் துளசிராமனைப் பார்த்தார். அவரோ வாசற்கதவைத் திறந்துவிட்டார். குடத்தோடு நின்ற பெண்கள் விலகி வழிவிட்டார்கள். முதல் தடவை வசந்தகுமார் முனகலாகத்தான் சொன்னார்; பூமிகா மறுபடியும் சொல்லவைத்தாள்.

எபினேசர் முழுவதையும் நின்று கேட்டார். பிறகு வீட்டுச் சாவியை வசந்தகுமார் கையில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினார்.