கண்ணாடிக் கூரைப் படகு

டீஹியூமிடிஃபையரின் தொட்டியில் அன்று காலை தேங்கியிருந்த தண்ணீர் பழுப்பு நிறத்தில் இருந்தது.

ஆக்லாந்தின் லின்ஃபீல்ட் பகுதியில் ஜூலைக் குளிர் வந்துவிட்டால் ஜன்னல்கள் உள்பக்கமாக வியர்க்கும், அலமாரியில் தோல் செருப்புகள் பூஞ்சை பிடிக்கும், அந்தப் பழைய வாடகை வீட்டின் ஈரத்தை நாள் முழுக்க முனகியபடி அந்த இயந்திரம்தான் உறிஞ்சிக்கொண்டிருக்கும். அப்படி அது சேர்க்கும் தண்ணீர் எப்போதும் தெளிவாகவே இருக்கும். மஹதி தினமும் அதைக் குளியலறையில் கொட்டிவிட்டு, காபியோடு லேப்டாப் முன்னால் உட்காருவாள். ஆறு வருடமாக இதுதான் வழக்கம். அன்று தொட்டியின் அடியில் சேறு படிந்திருந்தது. மேலே சளி போல ஒரு படலம். விரலை விட்டு எடுத்தபோது அது அறுபடாமல் நூலாக நீண்டுகொண்டே வந்தது.

முகர்ந்து பார்த்தாள், முகர்ந்திருக்கக் கூடாது. செத்த மீனின் நாற்றமாக இருந்திருந்தால் இத்தனை பயம் வந்திருக்காது. உயிருள்ள மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்துக் கிடக்கும் தண்ணீரின் வாடை அது. கூடவே, ஊறிப் புளித்துப்போன ரொட்டியின் வாடை. வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான், மூன்று மாதத்துக்கு முன்னால் பாங்காக்கில், அவள் அதை முகர்ந்திருந்தாள்.

கணவன் அரவிந்திடம் சொல்லவில்லை. சொன்னால் பாங்காக்கைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

அரவிந்தின் அப்பா திருநாவுக்கரசு போன வருடம் இதே ஜூலையில், இதே வீட்டில் காலமானார். எரித்த சாம்பலைப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். ராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோய்க் கரைக்க வேண்டும் என்பது அரவிந்தின் ஆசை. அவனுக்கு லீவு கிடைத்தபோது அவளுக்கு இல்லை, அவளுக்குக் கிடைத்தபோது அவனுக்கு இல்லை. பெட்டி ஒன்பது மாதம் கராஜில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. ஏப்ரலில் இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் கிடைத்ததும், தாய்லாந்து என்று ஆரம்பித்தது மஹதிதான். ஊருக்குப் போனால் அந்த ஒரு வாரமும் சொந்தக்காரர்களின் சோபாவிலேயே கழிந்துவிடும் என்றாள். அங்கேயும் பெரிய ஆறு ஓடுகிறது, கரை நெடுகக் கோயில், புண்ணியத்துக்கு என்ன குறைச்சல் என்றாள். அவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, கடைசியில் தலையாட்டினான்.

ஆற்றுக்குப் போக வேண்டிய நாளில் அவனுக்கு வயிற்றுப்போக்கு. கட்டிலை விட்டு எழ முடியவில்லை, மறுநாள் காலையில் விமானம். வேறு வழியில்லாமல் பெட்டியை அவளிடம் கொடுத்து, மந்திரத்தைப் போனில் அனுப்பி, அப்பா பெயரைச் சொல்லிப் பிடிபிடியாக விடு என்று பத்து தடவை சொன்னான். ஹோட்டல் முகப்பில் இருந்த பெண் இரண்டு படகுப் பயணங்களைக் காட்டினாள். ஒன்று சின்ன மரப்படகு. ஆள் சந்தடி இல்லாத ஒரு வளைவுக்குப் போகும், பிக்கு ஒருவர் வருவார், சாம்பல் கரைக்க வருபவர்கள் அதைத்தான் எடுப்பார்கள் என்றாள். மற்றது இரண்டு தளம், கண்ணாடிக் கூரை, மதியச் சாப்பாடு, ஒவ்வொரு கோயில் முன்னாலும் நின்று போட்டோ எடுக்கலாம்.

மஹதி கண்ணாடிக் கூரையைத் தேர்ந்தெடுத்தாள். ஒன்றரை வருடம் அவள் மாமாவைப் பார்த்துக்கொண்டவள். காலையில் அரை மணி நேரம் அவர் காறுவதைக் கேட்டுக்கொண்டே தோசை சுட்டிருக்கிறாள். அவருடைய படுக்கை விரிப்புகளை மூச்சைப் பிடித்துக்கொண்டு மெஷினில் போட்டிருக்கிறாள். ஒரு நாளும் வாய் திறந்து குறை சொன்னதில்லை, ஆனால் ஒவ்வொரு நாளும் அருவருத்தாள். ஒரே ஒரு நாள் அழகாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தாள், அவ்வளவுதான்.

படகில் எங்கு திரும்பினாலும் ஆட்கள். ஒரு கோயில் துறையில் பத்து நிமிடம் நிறுத்தி, மீன்களுக்கு ரொட்டி போடலாம் என்று அறிவித்தார்கள். அந்தத் துறையில் மீனை யாரும் பிடிப்பதில்லை. ஆள் கை நீளத்துக்குக் கொழுத்த கெளிறுகள், ஆயிரமோ இரண்டாயிரமோ, தண்ணீரே தெரியாதபடி வாய்கள், வட்டமாக, வெளுத்த உதட்டோடு, ஓரங்களில் மீசை துடிக்க, திறந்து மூடித் திறந்து மூடி, ப்ளக் ப்ளக் என்று காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. மேல்தளத்தில் சாப்பாட்டு மணி அடித்தது. இனி இப்படித் தண்ணீருக்கு அருகே நிற்க இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பதற்றத்தில், உயிர்காப்பு அங்கிகள் தொங்கிய மூலையில் நின்று, மந்திரமும் இல்லாமல் பெயரும் சொல்லாமல், பெட்டியை ஒரேயடியாகக் கவிழ்த்தாள்.

சாம்பல் தண்ணீரைத் தொடவே இல்லை. வாய்களுக்குள் போனது. எலும்புத் துண்டு ஒன்றை ஒரு மீன் துப்ப, இன்னொன்று விழுங்கியது. பக்கத்தில் நின்ற குழந்தை கை தட்டியது. மஹதி கையில் சானிடைசர் தேய்த்துக்கொண்டு மேலே போய் இறால் சாப்பிட்டாள். சாயங்காலம் அரவிந்திடம் அமைதியான வளைவு, பிக்கு, பிடிபிடியாக என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

ஆக்லாந்து திரும்பியதும் அவன் வயிறு சரியாகிவிட்டது. பசி மட்டும் அடங்கவில்லை. குழம்பு வேண்டாம், பொரியல் வேண்டாம், வெறும் சோறு, அதுவும் குழையக் குழைய. அடுப்பின் முன்னால் நின்றபடியே பானையோடு சாப்பிட்டான். பென்ரோஸில் வேலை முடிந்து வந்ததும் குளியலறைக்குள் போனால் ஒரு மணி நேரம் ஆகும். கை எப்போதும் ஜில்லென்று ஈரமாக இருந்தது. இரவில் அது தன் மேல் படும்போது மஹதி தூங்குவது போல நடித்து நகர்ந்து படுத்தாள். கட்டிய கணவனிடம் இப்படிக் கூசுகிறோமே என்று தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அமாவாசைச் சோற்றிலும் ஏதோ மாறியிருந்தது. ஆக்லாந்தில் காக்கை கிடையாது. அதனால் அரவிந்த் வேலிக் கட்டை மேல் வைக்கும் சோற்றுக்கு மைனாக்கள்தான் வரும். அப்பா மைனாவாக வந்தாலும் வரட்டும் என்று அவனே சிரித்திருக்கிறான். பாங்காக்குக்குப் பிறகு ஒரு மைனாகூட அந்த வேலியில் உட்காரவில்லை. மழையில் ஊதிக் கிடக்கும் சோறு பொழுது சாய்வதற்குள் காணாமல் போகும். கட்டையிலிருந்து புல் வரைக்கும், புல்லிலிருந்து குளியலறைச் சாக்கடை மூடி வரைக்கும், வழவழவென்று ஒரு தடம். பூனை அளவில் இரவில் திரியும் இந்த ஊர் விலங்கான பாஸம்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பாஸம் மரம் ஏறும், கூரையில் ஓடும். சாக்கடைக்குள் போகாது.

பழுப்புத் தண்ணீர் வந்த அந்த நாள்தான் மாமாவின் முதல் திதி. அரவிந்த் லீவு போட்டுவிட்டு அவனே சமைத்தான். மூன்று பானை சோறு. இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. பழுப்புத் தண்ணீரை வழக்கம்போலக் குளியலறையில் கொட்டி, மூன்று முறை கை கழுவிவிட்டு வந்தபோது, அவன் முதுகைக் காட்டியபடியே பேசினான்.

"அப்பாவை எப்படிக் கரைச்சே? இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள். இந்தத் தடவை பிக்குவின் கையில் ஒரு மணியும் சேர்ந்துகொண்டது.

"கஷ்டப்படாம போனாரா?"

"ஆமா. ரொம்ப அமைதியா போனார்."

குளியலறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ப்ளக். குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். மறுபடியும் வந்தது. அப்புறம் அடித்தொண்டையிலிருந்து யாரோ நிதானமாகக் காறுவது போல நீளமாக ஒரு கரகரப்பு. அரவிந்த் தலையைச் சாய்த்துக் கேட்டான். சோற்றைக் கிண்டுவதை நிறுத்தவில்லை.

வாழை இலை வாங்கிவருகிறேன் என்று மஹதி வெளியே ஓடினாள். பிளாக்ஹவுஸ் பே பகுதியில் இருந்த இந்தியக் கடைக்கு முன்னால் மழையில் காரை நிறுத்தி, இறங்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருடக் கல்யாணத்தில் அவனிடம் சொன்ன பெரிய பொய் அது ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் அவன் தன்னை இனி மனுஷியாகப் பார்க்க மாட்டான், அது நிச்சயம். சொல்லாவிட்டாலோ, வீட்டில் நடப்பது அவனை நாளுக்கு நாள் தின்றுகொண்டிருக்கிறது. பானையோடு நின்று சாப்பிடும் அந்த முதுகு இந்த மூன்று மாதத்தில் எலும்பாகிவிட்டதை அவள் பார்க்காமலா இருந்தாள்? சொல்லிவிடலாம், அவன் பிழைத்தால் போதும், என்னைவிட்டுப் போனாலும் போகட்டும் என்று ஒரு வழியாக மனதைத் தேற்றிக்கொண்டு இலையை வாங்கினாள்.

வீடு திரும்பும்போது ஐந்தரை. குளிர்கால இருட்டு இறங்கிவிட்டிருந்தது. முன்கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது, புளித்த ரொட்டியும் சேறும், நாக்கில் படிகிற அளவுக்கு. இயந்திரத்தின் முனகல் இல்லை. கார்ப்பெட்டில் கால் வைத்தாள். சதக்கென்று உள்வாங்கியது. சாக்ஸ் நனைந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

சமையலறையில் மூன்று பானைகளும் காலி. வழித்துத் துடைத்த காலி.

குளியலறையில் விளக்கு எரிந்தது.

"அரவிந்த்?"

ப்ளக். ப்ளக். ஒன்று இரண்டு அல்ல. மழை பெய்கிற மாதிரி.

அவன் குளியல் தொட்டியின் முன்னால் மண்டியிட்டிருந்தான். மடியில் ஒரு பாத்திரம். சோற்றை உருண்டை பிடித்து, ஒவ்வொன்றாக, பொறுமையாக, தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருந்தான். தொட்டி விளிம்பு வரை பழுப்பு. அவள் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில், எல்லாவற்றையும் சொன்னாள். பெரிய படகு. சாப்பாட்டு மணி. மந்திரம் இல்லை. பெயர் சொல்லவில்லை. கவிழ்த்தேன். மீன்கள் தின்றன. பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் திரும்பவில்லை.

"தெரியும்," என்றான். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "ஒரு வாய்னா, ஒரு உருண்டை வெச்சு அனுப்பியிருப்பேன். இப்ப அப்பாவுக்கு எத்தனை வாய்னு உனக்குத் தெரியுமா மஹதி?"

அவளுக்குத் தெரியாது. எண்ணவில்லை.

"நான் மூணு மாசமா எண்ணிட்டிருக்கேன்."

கடைசி உருண்டை தீர்ந்தது. பாத்திரத்தைக் கீழே வைத்தான். வலது கையைத் தண்ணீருக்குள் விட்டு, சற்று நேரம் அப்படியே வைத்திருந்து, வெளியே எடுத்தான். அப்போதுதான் அவள் அந்தக் கையைப் பார்த்தாள். மணிக்கட்டுக்குக் கீழே தோல் வெளுத்து, உறிஞ்சி உறிஞ்சிச் சப்பிய மாங்கொட்டை போல நார் நாராக நின்றது. நகங்கள் இல்லை. ரத்தமும் இல்லை.

அவன் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் மண்டியிடுகிற அளவுக்கு இடம் விட்டான். அவள் ஓட நினைத்தாள். கால் ஈரத் தரையோடு ஒட்டியிருந்தது. அவன் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து, தொட்டியின் விளிம்புக்கு இழுத்துப்போனான். ஜில்லென்ற, எலும்பில்லாத பிடி. அவள் கத்தவில்லை. வாயைத் திறந்தால் அந்த வாடை உள்ளே போய்விடும்.

தண்ணீர் பிளந்தது. வட்டமாக. வெளுத்த உதடுகள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி, விளிம்பைத் தாண்டி, சுவரில் வழுக்கி, எல்லாம் அவள் பக்கம்.

முதல் வாய் அவள் விரல்களைக் கவ்வியது. பல் இல்லை. வலிக்கவும் இல்லை. மெத்தென்று, வெதுவெதுப்பாக, நன்றியோடு உறிஞ்சியது. அடுத்த வாய் தன் முறைக்காகத் திறந்து காத்திருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னும் பல.